அம்மாவின் கன்னப்புண்: புற்றுநோய் என்றால் என்ன?

குடமுருட்டிக் கரையான், பாபநாசம்:
கும்பகோணம் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து நாற்பது ஆண்டுகளாகப் போட்டுவரும் என் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறம் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. புண்ணிலிருந்து சிறு துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிக்கும் சதைப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார் மருத்துவர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியம்மா தடுக்கிறார். புற்றுநோய் வந்தால் உடலுக்குள் என்ன நடக்கிறது? பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

தஞ்சைச் செவிலி:
தொற்றாது, அம்மா பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். நம் செல்கள் தேவைக்கேற்பப் பிரிந்து, பழுதானால் தாமாகவே மடிகின்றன. அதற்கான கட்டளைகளைத் தாங்கிய மரபணுக்களில் பல ஆண்டுகளாகச் சேதம் சேரும்போது, ஏதோ ஒரு செல் அடங்காமல் பெருகி, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவி, திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் வழியாகக் கழுத்துக்கும், இரத்தம் வழியாக நுரையீரல் போன்ற உறுப்புகளுக்கும் செல்லக்கூடும். வயலில் கோரை மண்ணுக்கடியில் கிழங்கு விட்டுப் பரவுவதைப் பார்த்த நமக்கு இது எளிதில் புரியும். சதைப் பரிசோதனையால் வாய்ப்புற்று பரவும் என்பதற்கு ஆதாரமில்லை. புண் புற்றுதானா என்று உறுதிசெய்ய அதுவே வழி. புற்றாக இல்லாமலும் இருக்கலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை வாசகர்:
புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கும் தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறப்பது குறைந்திருக்கிறதா, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு உள்ளதா என்றும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடமுருட்டிக் கரையான்:
வாய் சற்றுக் குறைவாகத்தான் திறக்கிறது. பெரியம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். நாளை காலை அவரும் எங்களுடன் மருத்துவமனைக்கு வருகிறார்.