எல்லாத் துறையும் எல்லாத் துறையோடும் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, எங்கே தவறு?

கேள்வி:
எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். இந்தியாவின் 2007-08 உள்ளீடு-வெளியீடு அட்டவணையை (130 துறைகள், எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற கணக்கு) எடுத்து நெட்வொர்க்காகப் போட்டேன். கட்டத்தில் பூஜ்யம் இல்லையென்றால் ஒரு கோடு, அவ்வளவுதான். படம் சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி இருக்கிறது. கோடுகளை எண்ணினால் வணிகமும் போக்குவரத்தும் மேலே, நிலக்கரி எங்கோ கீழே. நிலக்கரி இல்லாமல் இந்த நாட்டில் என்ன ஓடும்?

பதில் 1:
ரூபாய் அளவை விட்டுவிட்டீர்கள், அதுதான் சிக்கல். ஒவ்வொரு நிரலையும் (ஒரு துறை வாங்கும் எல்லாம்) அந்தத் துறையின் மொத்த உற்பத்தியால் வகுங்கள். ஒரு ரூபாய் சிமென்டுக்கு எத்தனை பைசா நிலக்கரி என்று கிடைக்கும், அதுவே கோட்டின் தடிமன். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளதை வெட்டலாம், ஆனால் அரை சதவீதத்திலும் இரண்டிலும் வெட்டிப் பாருங்கள். தரவரிசை தலைகீழாக மாறினால் அதை நம்பி எதுவும் எழுதாதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் நிலக்கரிக்கு அது போதாது. நிலக்கரியைப் பெரிய அளவில் வாங்குவது மின்சாரம், இரும்பு, சிமென்ட் என்று சில துறைகள்தான், ஆனால் அந்த மின்சாரத்தை வாங்காத துறை அநேகமாகக் கிடையாது. 2021 அக்டோபரில் அனல் மின் நிலையங்களில் சராசரியாக நாலு நாளைக்கான நிலக்கரிதான் இருந்தது, இருந்ததை மின் நிலையங்களுக்கே முதலில் அனுப்பியதால் சொந்த மின் நிலையம் வைத்திருந்த அலுமினிய ஆலைகள் திண்டாடின. இந்த இரண்டாம் கை, மூன்றாம் கைத் தொடர்பைப் பிடிக்கத்தான் பொருளாதார அறிஞர் லியோன்டிஃபின் வழி: அலகு அணியிலிருந்து உங்கள் கெழு அணியை (பதில் 1 சொன்னபடி வகுத்துக் கிடைத்ததை) கழித்து நேர்மாறு எடுங்கள். பொருளாதார அறிஞர் அசெமோக்லுவும் கூட்டாளிகளும் 2012-இல் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள், ஒரு துறையில் விழும் அடி நாட்டையே ஏன் ஆட்டுகிறது என்பதை இந்தத் தொடர்புகளை வைத்தே விளக்குகிறார்கள்.

கேட்டவர்:
போட்டுப் பார்த்தேன், நிலக்கரி நன்றாக மேலே ஏறிவிட்டது. ரொம்ப நன்றி! ஆனால் கச்சா எண்ணெயும் கூடவே ஏறியிருக்கிறது. நாம் பெரும்பகுதியை இறக்குமதிதானே செய்கிறோம்?

பதில் 2:
நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். அந்த அட்டவணையின் கட்டங்களில் உள்நாட்டுச் சரக்கும் இறக்குமதியும் சேர்ந்தே இருக்கும், இறக்குமதியை இறுதிப் பயன்பாட்டுப் பகுதியில் மொத்தமாகக் கழித்திருப்பார்கள். வெளிநாட்டில் எண்ணெய் விலை ஏறினால் யாருக்கு வலிக்கும் என்பது உங்கள் கேள்வி என்றால் இப்படியே விடுங்கள். உள்நாட்டு உற்பத்தி, வேலைவாய்ப்பு பற்றிய கேள்வி என்றால் ஒவ்வொரு நிரையையும் (ஒரு பொருளை யார் யார் வாங்குகிறார்கள் என்ற வரிசை) அந்தப் பொருளின் உள்நாட்டுப் பங்கால் பெருக்கிவிட்டு மறுபடி நேர்மாறு எடுங்கள். எல்லா வாங்குபவர்களுக்கும் ஒரே பங்கு என்று வைப்பது தோராயம்தான், அதை ஆய்வில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

பதில் 1:
அப்புறம் இன்னொன்று. 2007-08 பழசாகிவிட்டது. அதற்குப் பின் வந்த வழங்கல்-பயன்பாட்டு அட்டவணைகளில் (எந்தத் தொழில் எந்தப் பொருளை உற்பத்தி செய்கிறது, எதைப் பயன்படுத்துகிறது என்று காட்டுபவை) 140 பொருள், 66 தொழில், அதாவது சதுர அணி இல்லை, நேர்மாறு எடுக்கும் முன் அதைச் சதுரமாக்க வேண்டும். நேரம் இருந்தால் செய்யுங்கள், நிலக்கரி அதிலும் அதே இடத்தில் நிற்கிறதா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.