கானாடுகாத்தான் வீட்டுக்குச் சுண்ணாம்புக் கொத்தனார் தேவை

பாட்டையா கட்டிய வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும்தான். 2019-ல் வளவுச் சுவரின் அடிப்பகுதியில் ஒப்பந்தக்காரர் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார், அப்புறம் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் பூச்சு உப்பி விழுகிறது, உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது, தொட்டால் விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டுகிறது. நீர்புகா பெயிண்ட் அடித்தோம், வெளியே வடிகால் வெட்டினோம், ஒரு பக்கம் சிமெண்டைக் கொத்தியெடுத்துக் காயவிட்டோம். அந்தப் பக்கம் மட்டும் தேவலை.

வருகிற கொத்தனார்கள் எல்லாரும் மறுபடி சிமெண்ட்தான் என்கிறார்கள். எனக்கு மனசே இல்லை. உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. சுண்ணாம்போ இறுகும்போது கொஞ்சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், சுவரின் ஈரத்தையும் வெளியே விடும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் யாராவது இருக்கிறார்களா?