லாச்சியை இழுத்தால் ஒல்லாந்து: கொழும்பில் பொது அறிவு எதிரே வந்து நின்ற கதைகள்

கதிரைக்கடை, வெள்ளவத்தை

இந்தக் கதைத் திரியைத் தொடங்கி வைப்பவன் நான் என்பதால் ஒரு நிபந்தனை. 'செரண்டிபிட்டி' என்ற ஆங்கிலச் சொல் நம் தீவின் பழைய பெயரிலிருந்து பிறந்தது, எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில் – இந்த இரண்டையும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கும் அவை தெரியும். கடையில், வழியில், வீட்டில் உங்களுக்கே நேர்ந்ததை எழுதுங்கள்.

என்னுடையது இது. காலி வீதியில் பழைய தளபாடம் வாங்கித் திருத்தி விற்கும் சின்னக் கடை எங்களுடையது. ஒரு மழை நாளில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று உள்ளே ஓடி வந்தது. வாங்க வரவில்லை, மழைக்கு ஒதுங்கினார்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டோ என்னவோ, அந்த அம்மா ஒரு முதிரை மேசையைத் தடவிப் பார்த்தார். ஈரத்தில் மரம் ஊதி, லாச்சி, அதாவது மேசையின் இழுப்பறை, இறுகிக் கிடந்தது. "தம்பி, அந்த லாச்சியை ஒருக்கா இழுத்துக் காட்டு" என்று கடைப் பெடியனிடம் சொன்னேன்.

கணவர் சட்டென்று திரும்பினார். "லாச்சி?"

நான் லாச்சியைத் தொட்டுக் காட்டினேன். அவர் மனைவியிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள், நம் வாயில் ஒல்லாந்தர். அவர்கள் ஊரில் சின்ன லாச்சிக்கு 'லாட்ய' என்று பெயராம். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நம் லாச்சிதான்.

மழை விடும்வரை இதே விளையாட்டு. கந்தோர் (அலுவலகம்) என்றேன், 'கான்டோர்' என்றார். கதிரை என்றேன், உதட்டைப் பிதுக்கினார். சரி, அது போர்த்துக்கேயர் விட்டுப்போன 'கதெய்ரா' என்று இரவுதான் தேடி அறிந்தேன். அலுமாரி, மேசை, வாங்கு, வாடிக்கையாளர் கொழுவி வைக்கும் துவாய், வாசலில் கழற்றி வைக்கும் சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் சரக்கு. பரம்பரைக் கடை என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறேன், யாருடைய பரம்பரையோ.

கடைசியில் பெடியன் பகிடிக்கு, "அண்ணை, கக்கூசைக் கேளுங்கோவன்" என்றான். கேட்டேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அதுவும் ஒல்லாந்தச் சொல்தான், ஆனால் அங்கே பெரியவர்கள் முன்னால் சொல்லும் சொல் அல்லவாம். நாங்கள் அம்மம்மாவிடமே சொல்லிவிட்டுப் போகிறோம்.

மேசை விற்கவில்லை.


புதுக்கடைக் கிளாக்கர்

அண்ணை, உங்கள் லாச்சிக்கு என் பதில் ஒரு தெரு. எங்கள் நீதிமன்றப் பக்கத்தைத் தமிழில் புதுக்கடை என்கிறோம், ஆங்கிலக் கடிதங்களில் ஹல்ஸ்டொர்ப். இருபது வருடம் உறையில் அதை எழுதிய பிறகுதான் அது ஓர் ஆளின் பெயர் என்று தெரிந்தது. ஹெரார்ட் ஹுல்ஃப்ட். 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க முற்றுகையிட்ட ஒல்லாந்தத் தளபதி. கோட்டை விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் சுடப்பட்டு இறந்துபோனார். 'டொர்ப்' என்றால் கிராமம். ஹுல்ஃப்டின் கிராமத்தில்தான் நாங்கள் தவணை கேட்டு நிற்கிறோம்.

ஒருநாள் அங்கிருந்து ஓட்டோவில் வொல்வெண்டால் வழியாகப் போகும்போது சாரதி கேட்டார். "ஐயா, மகள் சொல்றாள், வொல்வெண்டால் என்டால் ஓநாய்ப் பள்ளத்தாக்காம். இலங்கையில ஏது ஓநாய்?"

மகள் சொன்னது சரிதான். இங்கே ஓநாய் கிடையாது, நரிதான் உண்டு. கோட்டைக்கு வெளியே காடும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் நரிகள் ஊளையிட, வந்தவர்கள் ஓநாய் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மேட்டில்தான் 1749இல் தேவாலயம் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். விளக்கி முடித்ததும் சாரதி சொன்னது: "அப்ப நரிக்குப் பயந்த ஆக்கள்தானே ஐயா நூற்று நாற்பது வருசம் ஆண்டவங்கள்?"

மீட்டருக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.


தெஹிவளை 100 பஸ்

படக்கதை ஒன்று. 1997இல் 'அனகொண்டா' படம் வந்ததே, அமேசன் ஆற்றில் பாம்பு ஆளை விழுங்குவது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளையில் மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் அப்பா சொற்பொழிவு. "அது தென்னமெரிக்கப் பாம்பு, பேர் எங்கட பேர். யானைகொன்றான்! தமிழ்!" முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பாம்பைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வளர்ந்த பிறகு தேடிப் பார்த்தால் அப்பா முழுக்கப் புளுகவில்லை. 1693இல் ஜோன் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் வெளியிட்ட பாம்புப் பட்டியலில் 'அனகண்டையா' என்று இலங்கைப் பாம்பு ஒன்று வருகிறது. எருமைகளின் உடம்பை நெரிப்பது என்று குறிப்பு. தென்னமெரிக்கப் பாம்புக்கு அந்தப் பெயர் ஒட்டியது அதற்குப் பிறகுதான். 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்றில் இலங்கை அனகொண்டா புலியைப் பிடித்து நொறுக்கியதாக நேரில் பார்த்தவர் போல ஒருவர் எழுதியிருக்கிறார். இலங்கைக் காட்டில் புலியே கிடையாது, சிறுத்தைதான்.


டியூஷன் மிஸ், பம்பலப்பிட்டி

தம்பி, அப்பாவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். யானைகொன்றான் என்பது ஒரு கருத்து. இன்னொன்று, சிங்களத்தில் 'ஹெனகந்தயா'. அது மெலிந்து நீண்ட கொம்பேறி வகைப் பாம்பு, யானையை அல்ல, ஓணானைத்தான் கொல்லும். அகராதிக்காரர்கள் பலர் சிங்களப் பக்கம் சாய்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, ஆனால் எருமையை நெரிக்கும் வர்ணனை நம் வெங்கிணாந்தி மலைப்பாம்புக்கே பொருந்துகிறது. பாம்பு ஒன்று, பெயர் இன்னொன்று என்று கலந்திருக்கலாம்.

என் வகுப்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். "கொழும்புக்கு ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து, "கொலம்பஸ் கண்டுபிடிச்சதால மிஸ்" என்றான். அறையே கைதட்டியது. கொலம்பஸ் பிறந்தது 1451இல். அதற்கு நூறு வருடம் முன்பே பயணி இப்னு பதூதா இங்கே வந்து 'கலன்பு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் என்றேன். பையன் யோசித்துவிட்டு, "அப்ப கொலம்பஸுக்கு எங்கட பேரை வச்சிருப்பாங்க மிஸ்" என்றான். அவனுக்கும் கைதட்டல்.


நாலாம் குறுக்குத் தெரு மொத்தக்கடை

அனகொண்டா கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கடையிலிருந்து கொஞ்சம் நடந்தால் கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டு. வெங்காய மூட்டை இறக்கும் நாட்டாமைமார் அதன் நிழலில்தான் வெற்றிலை போடுவார்கள். 'கெய்மன்' ஆளின் பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லை, முதலை. கொழும்பின் 'பேரே' வாவியில் முன்பு முதலைகள் இருந்தன, ஒல்லாந்தர் கோட்டை வாசலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அது கரீபியப் பழங்குடிகளின் சொல், அமெரிக்க முதலைக்கு உரியது. இங்கிருந்த பாம்பின் பெயர் அங்கே போனது, அங்கிருந்த முதலையின் பெயர் இங்கே வந்தது. பண்டமாற்று! புறக்கோட்டைக்காரனுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி உண்டா?


வெள்ளவத்தைக் கால்வாய்க்கரை

முதலை என்றதும் சித்தி நினைவு. சென்னையிலிருந்து முதல் தடவை வந்தவர் காலையில் பல்கனியில் நின்று "முதலை! முதலை!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "அது கபரகொய்யா, ஒவ்வொரு நாளும் வாறது" என்றுவிட்டுத் துணி காயப் போட்டார். உடும்பு இனத்தில் கொமோடோவுக்கு அடுத்த பாரமான சாதி இது. அன்று வந்தது ஓர் ஆள் நீளம் இருக்கும். நாக்கை நீட்டி நீட்டி, யாரோ எறிந்த லஞ்ச் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தது. முதலில் மீன் பொரியல், பிறகு சோறு. பருப்பைத் தொடவில்லை. சித்தி அன்றைக்கு மத்தியானம் பார்சல் சோறு வேண்டாம் என்றுவிட்டார்.


முகத்துவாரம் அக்கா

கனடாவில் இருக்கும் மச்சாள் தாய்லாந்து போய், குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டினாள். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' சினிமாவில் வந்த பாலம் இதுதான் என்றாள். "படத்தில வந்தது எங்கட வீட்டுப் பின்பக்க ஆறு" என்றேன். நம்பவில்லை. டேவிட் லீன் 1957இல் வெளியிட்ட அந்தப் படத்துக்குப் பாலத்தை மரத்தால் கட்டி வெடிவைத்தது கித்துல்கலையில், களனி கங்கையில். அதே களனிதான் எங்கள் மட்டக்குளிப் பக்கத்தால் கடலுக்குள் போகிறது. தாய்லாந்தில் நிற்பது இரும்புப் பாலம், யுத்தக் காலத்து உண்மைப் பாலம். அடுத்த ஞாயிறு அவளைக் கித்துல்கலைக்கே கூட்டிப் போனேன். பாலம் இல்லை, அதன் அடித்தளத்தில் கொஞ்சம் கல்லும் சீமெந்தும்தான் மிச்சம். அட்டையும் கடித்தது. "இதுக்கா வந்தது?" என்று திரும்பும்வரை புறுபுறுத்தாள்.


மருதானைக் கொத்து

ஒரே வரி. முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ', 1947. எடுத்தது மதுரையில், தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். இதை நம்பாமல் பந்தயம் கட்டிய நண்பன் இன்னும் எனக்கு ஒரு பீஃப் கொத்து தர வேண்டும்.


முகத்துவாரம் அக்கா

கதிரைக்கடை அண்ணை, அந்த முதிரை மேசை இன்னும் இருக்கிறதா? என்ன விலை?


கதிரைக்கடை, வெள்ளவத்தை

இருக்கிறது அக்கா. வந்து பாருங்கோ, குறைத்துத் தரலாம். லாச்சி மட்டும் மழைக்காலத்தில் திறக்காது.