மேலே பனி, கீழே அருவி

குழு: ஆல்ப்ஸ் பயணம்

காலை 7.15

அக்கா: ரயில் வெங்கன் ஊரைத் தாண்டிவிட்டது. அப்பா, மாத்திரை போட்டீர்களா?

அப்பா: போட்டாயிற்று. நேரலை கேமரா பார்த்தேன், உச்சியில் மேகமே இல்லை. வந்ததிலிருந்து இன்றுதான் இப்படி.

அம்மா: நாலு மணியிலிருந்து ஜன்னலிலேயே நிற்கிறார். உயரம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது இன்னும் மனதுக்கு ஆறவில்லை.

நான்: உங்களை விட்டுவிட்டுப் போவது கஷ்டமாக இருக்கிறது அப்பா.

அப்பா: கடைசி நாள், போய்த்தான் ஆக வேண்டும். சுரங்கத்துக்குள் ஐஸ்மேர் நிலையத்தில் ரயில் ஐந்து நிமிடம் நிற்கும், இறங்கிப் பாருங்கள். சுரங்கப் பாதையை 1896இல் வெட்டத் தொடங்கி 1912இல்தான் முடித்தார்கள். தொடங்கிவைத்த குயர் செல்லர் 1899இலேயே இறந்துவிட்டார். அவரும் மேலே போய்ச் சேரவில்லை.

காலை 9.20

நான்: மேலே கடைசி நிலையம் யுங்ஃபிராவ்யோக் வந்துவிட்டோம். 3,454 மீட்டர் உயரம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மாமா தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

அம்மா: யாரும் ஓடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். மாப்பிள்ளைக்குச் சரியாகவில்லை என்றால் அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடுங்கள்.

மாமா: இப்போது பரவாயில்லை அத்தை. உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது.

அக்கா: [படம்] அலெட்ச் பனியாறு. அப்பா, நிஜமாகவே ஆறு மாதிரி வளைந்து போகிறது! நடுவில் கறுப்புக் கோடு என்ன?

அப்பா: மலையிலிருந்து உதிர்ந்த கல்லும் மண்ணும். இரண்டு பனியாறுகள் சேரும்போது ஓரத்தில் இருந்த கல் நடுவுக்கு வந்துவிடும். ஆல்ப்ஸிலேயே நீளமானது இதுதான், சுமார் இருபது கிலோமீட்டர். வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பையனை நன்றாகப் பார்க்கச் சொல்லம்மா. அவன் என் வயதில் வந்தால் இவ்வளவு இருக்காது.

அக்கா: பார்த்துக்கொண்டே நிற்கிறான். கூப்பிட்டாலும் வரவில்லை.

காலை 11.05

அம்மா: நாங்கள் டிரும்மெல்பாக் அருவிக்கு வந்துவிட்டோம். மலைக்குள்ளேயே லிஃப்ட்! பக்கத்தில் நின்று பேசுவதுகூடக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல். படியெல்லாம் ஈரம், அப்பா கையை விடவே இல்லை நான்.

அப்பா: பத்து அருவிகள், பாறைக்குள் திருகித் திருகி இறங்குகின்றன. கைப்பிடியில் கை வைத்தால் மலை அதிர்வது தெரிகிறது. நொடிக்கு 20,000 லிட்டர் வரை வருமாம். எல்லாம் ஐகர், மோன்ஹ், யுங்ஃபிராவ் சிகரங்களின் பனி உருகி வருகிற தண்ணீர். நீங்கள் நிற்கும் மலைதான் இங்கே வந்து விழுகிறது. முகத்தில் தெறிக்கிறது, துடைக்க மனம் வரவில்லை.

அக்கா: தாத்தா, நான்தான், அம்மா போனிலிருந்து. இங்கே பனி உருண்டை போட்டால் உங்களிடம் வருமா?

அப்பா: எந்தப் பக்கம் என்று பார்த்துப் போடு கண்ணா. தெற்கே போட்டால் அலெட்ச், அப்புறம் ரோன் ஆறு, மத்தியதரைக் கடல். வடக்குப் பக்கப் பனி இறங்கினால் இந்த அருவி, அப்புறம் லுட்சினே, ஆரே, ரைன் ஆறுகள், வட கடல். நம் அறைக்குப் பக்கத்தில் ஓடுகிறதே வெள்ளை ஆறு, அதுதான் லுட்சினே.

அக்கா: வடக்கே எறிந்துவிட்டேன். எத்தனை நாளில் வரும்?

அப்பா: பனிக்கட்டியோடு சேர்ந்துவிட்டால் பல வருடம் ஆகும். வரும்.

மதியம் 1.40

நான்: இறங்குகிறோம். ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் கிரின்டல்வால்ட் பக்கம், கால் மணி நேரம்தான். அங்கிருந்து ரயில்.

அம்மா: மூன்று பெட்டியும் எங்களிடம் இருக்கின்றன. அக்காவின் நீலக் கையுறை கிடைத்துவிட்டது.

அப்பா: நாங்கள் லௌட்டர்புருன்னன் ரயிலில் வருகிறோம். ட்ஸ்வைலுட்சினனில் கறுப்பு லுட்சினேயும் வெள்ளை லுட்சினேயும் சேர்கின்றன. அங்கேயே உங்கள் ரயிலையும் எங்கள் ரயிலையும் இணைத்து இன்டர்லாகன் கொண்டுபோவார்கள்.

மாமா: அப்படியென்றால் ஒரே ரயில்தான் மாமா!

அப்பா: ஆமாம் மாப்பிள்ளை. ஜன்னல் பக்கம் இருங்கள். நான் கை காட்டுகிறேன்.