காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் அடித்தால்தான் பிடிக்கிறது: பழைய பெட்ரோல் கார், பம்ப் போயிருச்சா?

கானாடுகாத்தான்_வளவு:
வணக்கம். அப்பச்சி வாங்கின 2002 மாடல் பெட்ரோல் கார், எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சுவது), மிச்ச பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் உள்ள பழைய வகை. நாங்கள் சென்னையில் இருப்பதால் வண்டி பெரும்பாலும் ஊர் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கும், கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று வரும்போது எடுப்போம். இப்போது ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் செல்ஃப் நல்ல வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் ஏழெட்டு விநாடி அடித்த பிறகுதான் பிடிக்கிறது. பிடித்துவிட்டால் ஐடிலிங் சுத்தம். காரைக்குடியில் சாமான் வாங்கிவிட்டு உடனே வந்து எடுத்தால் தொட்டவுடன் ஸ்டார்ட், ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் மறுபடி அதே கதை. பேட்டரி புதுசு, பிளக்கும் மாற்றியாச்சு. ஒர்க்‌ஷாப்பில் பம்பை அப்படியே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

புதுவயல்_அம்பாசடர்:
தம்பி, இதெல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் செய்கிற வேலை. என் கார்புரேட்டர் வண்டியிலும் நாலு நாள் நின்றால் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் வற்றிப்போய் இப்படித்தான் அடம் பிடிக்கும்.

திருமயம்_ஸ்பேனர்:
அண்ணே, கார்புரேட்டர் கதை வேறு. எத்தனாலால் பழைய ரப்பர் கெடலாம், ஆனால் எந்த ரப்பர் என்று பார்க்காமல் அதன் மேல் பழி போட்டு என்ன ஆகப்போகிறது.

வளவு, செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கசிந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டணும் இல்லையா, அதேதான் இது. பம்புக்குள் ஒரு செக் வால்வு இருக்கிறது, வண்டியை நிறுத்தின பிறகும் லைனில் பிரஷரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. பிரஷர் இறங்கிவிட்டால் பம்ப் முதலில் லைனை நிரப்பணும், அதுவரை செல்ஃப் சும்மா சுற்றும். வெயில் காலத்தில் இன்னும் மோசம்: நிறுத்தின இன்ஜின் சூட்டில் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகும், பிரஷர் இருந்தால் அவ்வளவு லேசில் கொதிக்காது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று. காலையில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் பண்ணுங்கள், பின்பக்கம் பம்ப் இரண்டு மூன்று விநாடி ‘ஊய்ங்’ என்று ஓடி நிற்கும். ஆஃப் பண்ணி மறுபடி ஆன், இப்படி மூன்று தடவை. அப்புறம் செல்ஃப். தொட்டவுடன் பிடித்தால் பிரஷர்தான் இறங்குகிறது. அப்படியும் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு அடித்தால் மட்டும் பிடித்துக் கறுப்புப் புகை விட்டால், இன்ஜெக்டர் ஒழுகி உள்ளே பெட்ரோல் தேங்குகிறது என்று சந்தேகப்படணும்.

கானாடுகாத்தான்_வளவு:
அண்ணே, மூன்று தடவை ஆன் ஆஃப் பண்ணினதும் தொட்டவுடன் பிடித்துவிட்டது! புகையும் இல்லை. அப்போ பம்ப்தானே?

திருமயம்_ஸ்பேனர்:
அவசரப்படாதீங்க. பிரஷர் மூன்று வழியாக இறங்கலாம்: பின்னால் டேங்குக்கு, பிரஷரை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் வழியாக ரிட்டர்னில், இல்லை இன்ஜெக்டர் வழியாக இன்ஜினுக்குள். டேங்குக்கு இறங்கினால் தொல்லை மட்டும்தான், சாவியை மூன்று தடவை போட்டே ஓட்டிக்கொள்ளலாம். இன்ஜினுக்குள் இறங்கினால் விடக்கூடாது, பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்.

ரெகுலேட்டர் தலையில் இருக்கும் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரமோ நெடியோ இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கிறது. காய்ந்திருந்தால் லைனில் பிரஷர் கேஜ் போடணும். இந்த வகை இன்ஜினில் பெரும்பாலும் 2.5 முதல் 3 பார் வரை காட்டும், ஐடிலிங்கில் வேக்குவத்தால் அரை பார் போலக் குறையும், சரியான அளவு உங்கள் மேனுவலில் இருக்கும். வண்டியை ஓட்டி நிறுத்தி முள்ளைப் பாருங்கள். விழுந்தால், மறுபடி பிரஷர் ஏற்றி, நிறுத்தின உடனே ரிட்டர்ன் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரியுங்கள். முள் நின்றால் ரெகுலேட்டர். நிற்காவிட்டால் அதே மாதிரி சப்ளை ஹோஸை நெரியுங்கள், நின்றால் பம்ப் பக்கம். இரண்டையும் சேர்த்து நெரித்தும் விழுந்தால், வெளியே எங்கும் ஈரமில்லை என்றால், இன்ஜெக்டர். பிளாஸ்டிக் பைப்பை நெரிக்காதீர்கள், உடைந்துவிடும்.

கேஜ் மாட்டும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள், அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் மூஞ்சியில் பீய்ச்சும். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, கொட்டகைக் கதவு திறந்தே இருக்கட்டும்.

கானாடுகாத்தான்_வளவு:
தேவகோட்டையில் கேஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினோம். வேக்குவம் ஹோஸ் காய்ந்திருக்கிறது, டிப்ஸ்டிக்கில் நெடி இல்லை. ஓடும்போது 2.3 காட்டுகிறது, நிறுத்தினால் சர்ரென்று பூஜ்யம். ரிட்டர்னை நெரித்தாலும் விழுகிறது, சப்ளையை நெரித்தால் அசையாமல் நிற்கிறது. அப்போ பம்பை மாற்றச் சொல்லட்டுமா?

திருமயம்_ஸ்பேனர்:
கழற்றச் சொல்லுங்கள், வாங்க வேண்டாம். பம்புக்கும் மேல் மூடிக்கும் நடுவில் டேங்குக்குள்ளேயே சாண் நீளம்கூட இல்லாத ஒரு ஹோஸ் இருக்கும். அது வெடித்திருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும், செக் வால்வு போன மாதிரியே காட்டும். இறங்குவது இவ்வளவு வேகமாக இருப்பதால் எனக்கு அதன் மேல்தான் கண்.

கானாடுகாத்தான்_வளவு:
அதேதான் அண்ணே! ஹோஸ் கல் மாதிரி இறுகி, கிளிப் ஓரத்தில் நீளவாக்கில் வெடித்திருக்கிறது, வளைத்தால் வாய் பிளக்கிறது. பம்ப் நன்றாக இருக்கிறது. கடையில் இருக்கிற சாதா பெட்ரோல் ஹோஸையே வெட்டிப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

திருமயம்_ஸ்பேனர்:
வேண்டாம். சாதா ஹோஸுக்கு உள்பக்கம்தான் பெட்ரோல் தாங்கும், வெளிப்பக்கமும் மூழ்கிக் கிடந்தால் ஊதிப் பிய்ந்துவிடும். எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ் கேளுங்கள், டேங்குக்குள் மூழ்கி இருக்கத்தான் அது செய்தது. கிளிப்பும் இன்ஜெக்‌ஷன் லைனுக்கு உள்ளதாக, ஹோஸை அறுக்காததாக இருக்கணும். டேங்க் மூடியின் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

புதுவயல்_அம்பாசடர்:
ரப்பர்தானே கெட்டது, நான் சொன்னதுதானே தம்பி!

திருமயம்_ஸ்பேனர்:
சரி அண்ணே, பாதி மார்க் உங்களுக்கு. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலான ரப்பர், எத்தனால் இல்லாவிட்டாலும் இறுகித்தான் இருக்கும்.

பள்ளத்தூர்_ஜீப்:
எங்கள் பழைய டீசல் ஜீப்பும் காலையில் இதே மாதிரிதான். சாவியை மூன்று தடவை போட்டால் சரியாகுமா?

திருமயம்_ஸ்பேனர்:
ஆகாது. அந்த ஜீப்பில் டேங்குக்குள் மின்சார பம்ப் கிடையாது. லைனில் காற்று இழுக்கிறதா பாருங்கள்: கைப்பம்பை இறுகும் வரை அடித்துவிட்டு செல்ஃப் போட்டு உடனே பிடித்தால் ஃபில்டர் வாஷர், பேன்ஜோ போல்ட் (டீசல் போக நடுவில் துளை உள்ள போல்ட்) வாஷர், டேங்கிலிருந்து வரும் ஹோஸ், இந்த வரிசையில் தேடுங்கள். அடித்தும் பிடிக்கவில்லை என்றால் ஹீட்டர் பிளக் பக்கம் போகணும், எந்த வருஷ மாடல் என்று சொல்லுங்கள்.