ரேட்டன் கணவாயில் டீசல் புஷர் சூடேறுகிறது, ஜூனில் இதை நம்பி யெல்லோஸ்டோன் போகலாமா?

பிளேனோவாசி:

வணக்கம். டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறோம். போன அக்டோபரில் 2006 மாடல் 40 அடி மோட்டார்ஹோம் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினோம், எஞ்சின் பின்னால் இருக்கும் டீசல் புஷர். கம்மின்ஸ் ஐ.எஸ்.எல். 400 எஞ்சின், ஆலிசன் ஆறு கியர், காற்று பிரேக், 68,000 மைல் ஓடியிருக்கிறது. பின்னால் ஒரு சின்னக் காரையும் கட்டி இழுக்கிறோம்.

மார்ச்சில் கொலராடோ கிளம்பினோம். அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன் வரை ஒரு குறையும் இல்லை. ரேட்டனில் ஐ-25 பிடித்துக் கணவாய் ஏற ஆரம்பித்ததும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து நகர்ந்து 222 வரை போய்விட்டது. ஓரம் கட்டி நிறுத்தி, ஆறவிட்டு, மெதுவாக உச்சியைத் தொட்டோம். மறுபக்கம் டிரினிடாட் நோக்கி இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாசனை வேறு. ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றினார்கள், 1,900 டாலர். பத்தே நாளில் ஓக்லஹோமாவில் ஆர்பக்கிள் மலை ஏற்றத்தில் மறுபடி 212.

ஜூனில் திருநெல்வேலியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, தினம் ஒரு ஹோட்டலில் ஏறி இறங்க முடியாது. சொந்தப் படுக்கை, சொந்தக் கழிவறை, சொந்தச் சமையல் என்று அவர்களை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போகத்தான் இதையே வாங்கினோம். சூட்டுக்கு என்ன காரணமாக இருக்கும்? இறக்கத்தில் நான் என்ன தப்பு செய்கிறேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலைவனப்பறவை:

அரிசோனாவில் பதினோரு வருடமாகப் புஷர் வைத்திருக்கிறேன். முதலில் ஒன்று, வாங்கியது நல்ல வருட வண்டி. 2007 எஞ்சினிலிருந்து புகைக்கரி வடிகட்டி வந்தது, 2010இலிருந்து புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவமும் அதன் சென்சார்களும் சேர்ந்துகொண்டன. அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

உங்கள் ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கிறதா, நேர் பின்னாலா? பின்னால் என்றால் 90 சதவீதம் இதுதான் என்று சொல்வேன். அந்த அமைப்பில் ஃபேன் எஞ்சின் பக்கமிருந்து காற்றை வெளியே தள்ளுகிறது, காற்று முதலில் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் சார்ஜ் ஏர் கூலரையும் அப்புறம் ரேடியேட்டரையும் கடந்து போகும். எஞ்சினின் மூச்சுக்குழாய் ஒன்று கீழே எண்ணெய் ஆவியைச் சொட்டிக்கொண்டே இருக்கும், அதன் முனை ஃபேனுக்கு முன்னாலேயே முடிந்தால் அந்த எண்ணெயும் பின் சக்கரம் கிளப்பும் புழுதியும் சேர்ந்து கூலரின் உள்முகத்தில் பசை மாதிரி படிந்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று தெரியும், அழுக்கு மறுபக்கத்தில். பட்டறைக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சமதளத்தில் சூடு குறைவு என்பதால் தெரியாது, ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும்.

படுக்கையைத் தூக்கினால் கீழே எஞ்சின் மூடி இருக்கும். அதைத் திறந்து டார்ச் அடித்து ஃபேன் இடுக்கு வழியாகப் பாருங்கள். அழுக்கு இருந்தால், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, அலுமினியத்துக்கு ஆகும் டிகிரீசரைத் தெளித்து ஊறவிட்டு, சாதாரணத் தோட்டக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். வழியும் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் அந்த மூச்சுக்குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி, முனை ரேடியேட்டருக்குப் பின்னால் வரும்படி நீட்டிவிடுங்கள். எங்கும் மடங்காமல், சரிவு கீழ்நோக்கியே இருக்கட்டும், அடைத்தால் எஞ்சினுக்குக் கேடு.

ஏற்றத்தில் ஆறாவது கியரிலேயே மிதிக்காதீர்கள். நீங்களே நான்குக்கு இறக்கி, சுற்று 1,800க்கு மேல் இருக்கும்படி வைத்து, மிதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வாட்டர் பம்ப் வேகமாக ஓடினால் சூடு இறங்கும்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு கொடுக்காமல் போகவே கூடாது. வண்டியைத் தாங்கும் ஏர் பேக்கில் காற்று இறங்கினால் வண்டி சட்டென்று தாழ்ந்துவிடும், உள்ளே இருப்பவர் நசுங்கிவிடுவார். ஜாக்கை நம்பாதீர்கள்.

பதினெட்டுச்சக்கரம்:

தம்பி, நான் ரொறன்ரோவில் இருந்து அமெரிக்கா முழுக்க லொறி ஓடுகிறேன். ஏற்றம் உங்கள் எஞ்சினைத்தான் கெடுக்கும், இறக்கம் ஆளையே கொண்டு போய்விடும். பிரேக் கருகல் வாசனை வந்தது என்று எழுதியதைப் படித்ததும் மனது சரியாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

16 தொன் பாரத்தைக் கால் பிரேக் தனியாகப் பிடித்துக்கொண்டே இறக்க முடியாது. தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடாகி விரியும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. உங்கள் ஐ.எஸ்.எல்.இல் எஞ்சினை வைத்தே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக் இருக்கும், சுவிட்ச் லோ, ஹை என்று. உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஹையில் போட்டுவிடுங்கள். இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கியர் இறக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். எஞ்சின் பிரேக் போதாமல் வேகம் ஏறினால், உதாரணமாக 40 மைல்தான் பாதுகாப்பு என்று வைத்தால், 40ஐத் தொட்டவுடன் உறுதியாக மிதித்து 35க்குக் கொண்டுவந்து காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். திரும்ப 40 வந்தால் அதேபோல். மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே போவதுதான் பிழை. மழைத் தரையில் எஞ்சின் பிரேக்கைப் பாவிக்க வேண்டாம், பின் சக்கரம் வழுக்கும்.

காலையில் புறப்படும் முன் பிரேக்கின் காற்றைச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆனில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து கால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால், காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ.க்கு இறங்கும் முன் எச்சரிக்கை ஒலி கேட்க வேண்டும். இன்னும் மிதித்தால் 45க்கும் 20க்கும் இடையில் பார்க்கிங் பிரேக் குமிழ் தானாக வெளியே வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வண்டியை எடுக்காதீர்கள். பின்னால் இழுக்கும் காருக்குத் தனி பிரேக் பூட்டியிருக்கிறீர்களா? டயர்களுக்கு வயது என்ன? பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அதில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம், அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியில் டயர் வெடிப்பது வயதால்தான்.

ஆஸ்டின்அம்மா:

நாங்கள் அப்பா அம்மாவுடன் போன வழியைச் சொல்கிறேன். டென்வரிலிருந்து ஐ-70 ஏறாதீர்கள், ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல், உங்களுக்கு அது தேவையே இல்லை. ஐ-25இலேயே காஸ்பர் வரை போய், ஷோஷோனி, தெர்மோபோலிஸ் வழியாகக் கோடி (Cody) என்ற ஊருக்குப் போய் யெல்லோஸ்டோனின் கிழக்கு வாசலில் நுழையலாம். சில்வன் கணவாய் மட்டும் 8,500 அடி சொச்சம். வயோமிங் காற்று பொல்லாதது, உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கை போட்டிருந்தால் அன்று தங்கிவிடுங்கள்.

பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் இருக்கும் இடம் ஃபிஷிங் பிரிட்ஜ்தான். கரடி நடமாட்டத்தால் கூடாரத்துக்கு அனுமதி கிடையாது, நம் மாதிரி கெட்டிச்சுவர் வண்டி மட்டும். இப்போதே முன்பதிவு செய்யுங்கள். கிளேசியர் தேசியப் பூங்கா வரை நீட்டினால் கோயிங்-டு-த-சன் சாலையின் நடுப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக்கூடாது, காரில்தான் சுற்ற வேண்டும். கழிவுநீர் இணைப்பில் நிற்கும்போது கழிவறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள், நீர் ஓடிவிட்டு மலம் மட்டும் மலைபோல் தங்கும். முக்கால் நிறைந்த பிறகு திறந்துவிடுங்கள்.

அப்புறம், டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு மேல் என்றால் கிளாஸ் பி உரிமம் வேண்டும். எடுத்துவிட்டீர்களா?

பிளேனோவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிளாஸ் பி எடுத்துவிட்டேன் அக்கா.

சனிக்கிழமை படுக்கையைத் தூக்கிப் பார்த்தேன். பாலைவனப்பறவை அண்ணா சொன்னது அப்படியே. ரேடியேட்டர் பின்னால்தான், வெளியே சுத்தம், உள்ளே கூலர் முகம் முழுக்க விரல் வைத்தால் ஒட்டும் கறுப்புக் கம்பளம். மூச்சுக்குழாய் நேரே ஃபேனுக்கு முன்னால் முடிந்திருந்தது. மூன்று தடவை டிகிரீசர் போட்டுக் கழுவினேன், முதல் தடவை வழிந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. ஹோஸ் நீட்டியாயிற்று. நேற்று காரையும் கட்டிக்கொண்டு ஆர்பக்கிள் ஏற்றத்தில் நான்காவது கியரில் ஏறினேன், 197ஐத் தாண்டவில்லை. இறங்கும்போது எஞ்சின் பிரேக் ஹையில் போட்டேன், கால் பிரேக்கை இரண்டே தடவைதான் தொட்டேன்.

காற்றுச் சோதனையில் ஒலி 68இல் வந்தது, குமிழ் 35இல் வெளியே வந்தது. காருக்குத் தனி பிரேக் இல்லை, வாங்கச் சொல்லியிருக்கிறேன், அது வராமல் இனி காரைக் கட்டப்போவதில்லை. டயர் எண் பார்த்ததில் பின் நான்கும் நான்கு வருடம், முன் இரண்டும் ஒன்பது வருடம். வியாழக்கிழமை முன் டயர் இரண்டையும் மாற்றுகிறார்கள். மாற்றியதும் லாரி நிறுத்தத்து எடைமேடையில் அச்சு அச்சாக எடை போட்டு, அதற்கேற்ற காற்றழுத்தம் வைத்துவிட்டு, கோடி வழிக்குத் தேதி போடுகிறேன்.