அப்பத்தா டிவிக்கு எந்தப் பெட்டி?

குழு: அப்பத்தா வீடு

வெள்ளிக்கிழமை

அருண் (மாலை 6:10): கயல் அக்கா மகனின் காதுகுத்து வீடியோவை அப்பத்தாவுக்குக் காட்டுவதற்காக, இணையத்தில் வரும் வீடியோவை டிவியில் காட்டும் இணையப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதில் ஹெச்டிஎம்ஐ சாக்கெட் மட்டுமே இருக்கிறது. சுவர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அரசு கொடுத்த 14 அங்குல டிவியிலோ மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு வட்டச் சாக்கெட்டுகள்தாம் உள்ளன. ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐயும் மறுமுனையில் மூன்று நிறப் பின்களும் உள்ள ஒயரை 150 ரூபாய்க்கு வாங்கிச் செருகிப் பார்த்தேன். படமும் இல்லை, சத்தமும் இல்லை.

கயல் (மாலை 6:14): புது டிவியே வாங்கிவிடலாமே? நான் பாதிப் பணம் தருகிறேன்.

மீனா அத்தை (மாலை 6:15): அந்த மாடமே இந்தப் பெட்டியின் அளவுக்குக் கட்டியது, கயல். மாற்றினால் சுவரை இடிக்க வேண்டும். அதற்கு முன் அப்பத்தாவின் சம்மதத்தை வாங்க வேண்டும். சுவரை இடிப்பதுதான் சுலபம்.

முருகேசன் சித்தப்பா (மாலை 6:31): அருண், முதலில் இணையப் பெட்டியின் பின்புறத்தைப் பார். ஹெட்ஃபோன் செருகுவது போன்ற சிறு வட்டத் துளையும் அருகில் ‘ஏவி’ (ஒலியும் படமும்) என்ற எழுத்தும் இருந்தால், கேபிள்காரர் செட்டாப் பாக்ஸுக்குக் கொடுப்பது போன்ற ஒயரே போதும்.

அருண் (மாலை 6:36): இல்லை, சித்தப்பா. ஹெச்டிஎம்ஐ, யுஎஸ்பி, மின்சாரம் ஆகிய மூன்று துளைகள்தாம் இருக்கின்றன.

முருகேசன் சித்தப்பா (மாலை 6:52): அப்படியானால் அந்த 150 ரூபாய் ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஹெச்டிஎம்ஐ கம்பியில் ஓடுவது படம் அன்று, எண்கள். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்பதை ஒன்றும் பூஜ்யமுமாக்கி மூன்று இணைக் கம்பிகளில் அனுப்புவார்கள். நம் பழைய டிவியின் மஞ்சள் சாக்கெட்டுக்கு எண் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான். அழுத்தம் ஏறினால் திரையில் அந்த இடம் வெளுக்கும், இறங்கினால் கறுக்கும், இன்னும் கீழே இறங்கினால் அடுத்த வரியைத் தொடங்கு என்று பொருள். நிறத்தையும் அதே கம்பியில் ஒரு தனி அலையாக ஏற்றி அனுப்புவார்கள். காதுகுத்துக்கு வந்த மொய் நோட்டை நாதஸ்வரக்காரரிடம் நீட்டி, இதை வாசியுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? இடையில் படித்து மாற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கன்வெர்ட்டர். அதற்குள் சிப்பு இருக்கும், அதற்கென்று 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும். வெறும் ஒயருக்குள் அந்த ஆள் இல்லை.

பெரியப்பா (மாலை 6:58): இத்தனை ஆண்டுகளில் மொய் நோட்டுக்கு இப்படி ஒரு பயன் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

சனிக்கிழமை

அருண் (பகல் 12:20): கன்வெர்ட்டர் வாங்கி வந்துவிட்டேன். விளக்கு எரிகிறது, ஆனால் படம் இன்னும் வரவில்லை. இணையப் பெட்டியின் ஒயரைச் செருகியதும் டிவி நீலமாகவே நிற்கிறது.

முருகேசன் சித்தப்பா (பகல் 12:41): அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஓர் எழுத்து விடாமல் படித்துச் சொல்.

அருண் (பகல் 12:43): ‘ஏவி டூ ஹெச்டிஎம்ஐ’.

முருகேசன் சித்தப்பா (பகல் 12:45): அது பழைய டெக்கைப் புது டிவியில் பார்ப்பதற்கானது. நமக்கு வேண்டியது ‘ஹெச்டிஎம்ஐ டூ ஏவி’. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். கடைக்காரரே மாற்றி எடுத்துக் கொடுத்துவிடுவார். சாயங்காலத்துக்குள் மாற்றிக்கொண்டு வா.

அருண் (மாலை 5:50): மாற்றி வந்துவிட்டேன். இப்போது படம் வருகிறது, சித்தப்பா! ஆனால் கறுப்பு வெள்ளையாக வருகிறது. அதுவும் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

மீனா அத்தை (மாலை 5:52): அந்தக் கன்வெர்ட்டரின் ஓரத்தில் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது, அண்ணே. ஒரு பக்கம் ‘பால்’ என்றும் மறுபக்கம் ‘என்டிஎஸ்சி’ என்றும் எழுதியிருக்கிறது. பாலுக்கும் டிவிக்கும் என்ன தொடர்பு?

முருகேசன் சித்தப்பா (மாலை 6:05): காய்ச்சும் பால் இல்லை, மீனா. 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முறையின் பெயர் அது. பால் முறையில் ஒரு படம் 625 வரிகள். ஒரு வரி விட்டு ஒரு வரியாக, அரைப்படங்களாக வினாடிக்கு 50 வரும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 525 வரிகள், வினாடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள். நிறத்தைச் சுமக்கும் அலையும் வேறு: இங்கே 4.43 மெகாஹெர்ட்ஸ், அங்கே 3.58. ஸ்விட்ச் என்டிஎஸ்சி பக்கம் இருக்கிறது போலும். நம் டிவி நிற அலையை 4.43-இல் தேடிக் கிடைக்காமல் கறுப்பு வெள்ளையாகக் காட்டுகிறது, வேகம் ஒத்துவராததால் படமும் ஓடுகிறது. பால் பக்கம் தள்ளிவிடுங்கள்.

அருண் (மாலை 6:09): நிறம் வந்துவிட்டது, படமும் நின்றுவிட்டது.

கயல் (மாலை 6:11): அவர்களுக்கு மட்டும் ஏன் 60, நமக்கு ஏன் 50?

முருகேசன் சித்தப்பா (மாலை 6:16): வீட்டு மின்சாரம் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. தொடக்க காலத்தில் மின்சாரத்தின் அதிர்வு படத்தில் பட்டையாக ஊராமல் இருப்பதற்காகத் திரையின் வேகத்தையும் அதோடு பொருத்தி வைத்தார்கள். நல்லவேளை, கேட்டாய்; அருண், இணையப் பெட்டியின் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50 ஆக்கிவிடு. இல்லையென்றால் கன்வெர்ட்டர் ஆறு படங்களுக்கு ஒன்றை விழுங்கிவிடும். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து தத்தித் தத்திப் போகும்.

அருண் (இரவு 7:30): 50 ஆக்கினேன், உண்மையிலேயே சீராக ஓடுகிறது. இடையிடையே படம் அணைந்து அணைந்து வருவதுதான் பாக்கி.

முருகேசன் சித்தப்பா (இரவு 7:34): கன்வெர்ட்டருக்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுத்தாய்? ஹெச்டிஎம்ஐ சாக்கெட் தரும் சொற்ப மின்சாரத்தை நம்பக் கூடாது. தனியாக ஒரு கைபேசி சார்ஜரைக் கொடு.

அருண் (இரவு 7:40): கொடுத்துவிட்டேன், நின்றுவிட்டது. சிவப்புப் பின்னை எங்கே செருகுவது?

முருகேசன் சித்தப்பா (இரவு 7:41): செருக வேண்டாம், தொங்கட்டும். இந்த டிவிக்கு ஒரே ஒலிபெருக்கிதான்.

ஞாயிற்றுக்கிழமை

மீனா அத்தை (காலை 10:15): அப்பத்தா வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். குழந்தை ஆறு மாதத்தில் நன்றாக உயர்ந்துவிட்டான் என்று மகிழ்ச்சி. மடியில் வைத்திருந்த தாய்மாமனும் ஒட்டகச்சிவிங்கி போலத் தெரிந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது.

முருகேசன் சித்தப்பா (காலை 10:22): அகலப் படத்தைப் பழைய சதுரமான திரைக்குள் இரண்டு பக்கமும் நெருக்கி அடைத்திருக்கிறது. செட்டிங்கில் படத்தின் உயரத்தை 75 சதவீதமாக்கினால் முகம் சரியாகும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும்.

கயல் (காலை 10:25): வீடியோவின் கடைசியில் மொய் எழுதியவர்களுக்கு நன்றி சொல்லிப் பெயர்களைப் போட்டிருந்தோமே, அப்பத்தாவால் படிக்க முடிந்ததா?

மீனா அத்தை (காலை 10:27): அடிவரிசை திரைக்குக் கீழே போய்விட்டது. மற்றவையும் கலங்கலாகத்தான் தெரிந்தன.

முருகேசன் சித்தப்பா (காலை 10:38): பிக்சர் டியூப் டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளித்தான் காட்டும். உயரத்தைக் குறைத்ததும் அடிவரிசை உள்ளே வந்துவிடும், ஆனால் கலங்கல் தீராது. கயல் அனுப்பிய படத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. பால் முறையில் ஏறத்தாழ 4 லட்சம்தான் அடங்கும். ஐந்தில் நான்கு பங்கைக் கன்வெர்ட்டர் கழித்துவிடுகிறது; விலை உயர்ந்தது வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. முகம் பார்க்கப் போதும், பொடி எழுத்து படிக்கப் போதாது. பெயர்களை நீயே வாசித்துக் காட்டிவிடு, மீனா.

பெரியப்பா (காலை 10:44): நான் எழுதிய மொய்த் தொகையையும் சேர்த்தா?

மீனா அத்தை (காலை 10:46): பெயரை மட்டும் வாசிக்கிறேன், அண்ணே. அருண், ஊருக்குக் கிளம்புமுன் அந்தக் குட்டி ஸ்விட்சின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுப் போ; ஒட்டடை அடிக்கும்போது துடைப்பம் பட்டால் மறுபடியும் கறுப்பு வெள்ளைக்குப் போய்விடும்.

முருகேசன் சித்தப்பா (காலை 10:47): பால் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டு.